கனடாவில் கோயிலுக்குள் தன்பாலினத் திருமணம்: சட்டம் தள்ளியதா, சபை தானே போனதா?

கேள்வி கேட்டவர் ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம், அவர் கைப்பிடிக்கப் போவதும் ஒரு பெண்ணைத்தான். இடம், பக்கத்தில் இருக்கும் ஐக்கிய திருச்சபையின் (United Church of Canada) கோயில். அழைப்பிதழைப் பார்த்த அம்மா, "கோயிலுக்குள்ளேயேவா? கவர்ன்மென்ட் கட்டாயப்படுத்தியிருக்கும், பாவம், ஐயர் என்ன செய்வார்" என்றாராம். ஐயர் என்று அவர் சொன்னது போதகரை. இவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இவர்களுடைய தமிழ்ச் சபையும் இன்னொரு ஐக்கிய திருச்சபைக் கட்டடத்தில்தான் ஞாயிறு மதியம் வாடகைக்குக் கூடுகிறது. நாளைக்கு நம் போதகரையும் இப்படி ஒரு கல்யாணத்தை நடத்தச் சொன்னால்? ஆகவே கேட்கிறார்: கனடாவில் திருச்சபைகள் உண்மையாகவே இதை ஆதரிக்கின்றனவா, இல்லை சட்டத்துக்குப் பயந்து தலையாட்டுகின்றனவா?

கேள்வியின் அடியில் இருப்பது, யார் யாரைத் தள்ளினார்கள் என்பதுதான். அரசு சபையைத் தள்ளியது என்று அம்மா நினைக்கிறார். பெரும்பாலான நம் ஆட்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடந்தது ஏறக்குறைய நேர் எதிர். சில சபைகள் அரசுக்கு முன்னால் போயின, சில சபைகள் கடைசிவரை அரசை எதிர்த்து நின்றன, எதிர்த்தவர்களை இன்றுவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சுருக்கமான பதில் இவ்வளவுதான். மீதி, இது எப்படி நடந்தது என்ற கதை.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இறையியல் படித்தேன், குருப்பட்டம் வாங்கவில்லை. ஒன்டாரியோவுக்கு வந்தபின் ஓர் ஐக்கிய திருச்சபைச் சபையில் பல வருடம் மூப்பராக இருந்து, கல்யாண விதிகளை எழுதும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். தீர்மானம், திருத்தம், ஓட்டு எண்ணிக்கை எல்லாம் எனக்குப் பழகிய விஷயம். நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிக் கீழே சொல்வது, சபைக் குழுவில் இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான்.

முதலில் டொராண்டோவிலேயே நடந்த ஒரு கதை. ஒன்டாரியோவில் கல்யாணம் செய்ய நகராட்சியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் அந்த மாகாணச் சட்டத்தில் பழைய வழி ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணமக்கள் வழக்கமாகப் போகும் கோயிலில் ஆராதனை நடுவே ஓலை வாசித்துவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. நம் ஊரில் "இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும்... தடை சொல்ல ஏதுவுள்ளவர்கள்" என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அதேதான். இரண்டு ஆண்களுக்கோ இரண்டு பெண்களுக்கோ நகராட்சி லைசென்ஸ் கொடுக்காத காலத்தில், மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் என்ற சபையின் போதகர் பிரென்ட் ஹாக்ஸ் இந்தப் பழைய கதவைத் தட்டிப் பார்த்தார். 1968ல் லாஸ் ஏஞ்சலஸில் டிராய் பெர்ரி என்பவர் தன்பாலீர்ப்புள்ள கிறிஸ்தவர்களுக்காகத் தொடங்கிய சபை அது. 2000 டிசம்பரில் ஆரம்பித்து மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார். 2001 ஜனவரி 14 அன்று ஓர் ஆண் ஜோடிக்கும் ஒரு பெண் ஜோடிக்கும் ஒரே ஆராதனையில் கல்யாணம் நடத்தி வைத்தார். மிரட்டல்கள் வந்திருந்ததால் அங்கிக்குள்ளே குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டுதான் பீடத்தில் நின்றார்.

ஆராதனை முடிந்து பதிவேட்டில் கையெழுத்தாகிக் காகிதம் மாகாணப் பதிவு அலுவலகத்துக்குப் போனது. அங்கே பதிய மறுத்துவிட்டார்கள். சபை கோர்ட்டுக்குப் போனது. லைசென்ஸ் மறுக்கப்பட்ட வேறு ஜோடிகளும் தனியாக வழக்குப் போட்டிருந்தார்கள், இரண்டும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. 2003 ஜூன் 10 அன்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், திருமணத்தை ஆண் பெண் ஜோடிக்கு மட்டும் வைத்திருப்பது அரசியல் சாசனத்தின் சமத்துவப் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொல்லி, 2001ல் கோயிலில் நடந்த அந்த இரண்டு கல்யாணங்களையும் பதியச் சொன்னது. உலகில் முதலில் இதைச் சட்டமாக்கிய நெதர்லாந்தில் கல்யாணங்கள் தொடங்கியது 2001 ஏப்ரலில்தான். டொராண்டோக் கோயிலில் நடந்தவை அதற்கும் இரண்டரை மாதம் முந்தியவை.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தங்கள் கல்யாணத்தைப் பதிய மறுப்பது மத சுதந்திரத்தையும் மீறுகிறது என்று அந்தச் சபை வாதாடியது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வழக்கு சட்டப்படியான திருமணத்தைப் பற்றியது, மதப்படி எது செல்லும் எது செல்லாது என்பதில் நாங்கள் தலையிடவில்லை என்றது. ஆதரித்த சபைக்கு அந்த இடத்தில் தோல்விதான். ஆனால் அதே வரிதான் எதிர்க்கிற சபைகளுக்கும் பிற்பாடு கவசமானது. கோயிலுக்குள் எது திருமணம் என்பதை அரசு தீர்மானிக்காது என்றால், உங்கள் போதகரிடமும் வந்து தீர்மானிக்க முடியாது.

அன்றைய மத்திய அரசு மேல்முறையீடு செய்யாமல், ஒரு சட்ட வரைவை எழுதி உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. அந்த விசாரணையில் யார் யார் வந்து நின்றார்கள் என்று பார்த்தால் அம்மாவின் சந்தேகம் தீர்ந்துவிடும். கத்தோலிக்க ஆயர் பேரவை எதிர்ப்பக்கம். செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபையும் தன் கவலைகளைச் சொல்ல வந்தது. ஆதரவுப் பக்கத்தில் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச், அதனுடன் கனடாவின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் சபையான ஐக்கிய திருச்சபை. அதாவது கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்து நின்றார்கள். 2004 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது: இப்படி ஒரு சட்டம் கொண்டுவர நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தன் விசுவாசத்துக்கு விரோதமாக இந்தக் கல்யாணத்தை நடத்தும்படி எந்த மதகுருவையும் அரசு கட்டாயப்படுத்த முடியாது. 2005 ஜூன் 28ல் மக்களவையில் 158க்கு 133 என்று சட்டம் தேறியது, ஜூலை 20ல் அமலுக்கு வந்தது. மதகுருமார் மறுக்கலாம் என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஒன்டாரியோ அதே வருடம் தன் திருமணச் சட்டத்தைத் திருத்தி, மதகுரு கல்யாணத்தை நடத்த மட்டுமல்ல, வழிபாட்டு இடத்தைக் கொடுக்கவும் மறுக்கலாம் என்று சேர்த்தது. ஆகவே உங்கள் போதகரைப் பற்றிய பயத்துக்கு என் பதில் உறுதியாக இதுதான்: அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சரி, ஐக்கிய திருச்சபை எப்படி அந்தப் பக்கம் போய் நின்றது? இதுவும் ஒரே நாளில் நடந்தது இல்லை. 1925ல் மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்து உண்டான சபை அது. நம் சிஎஸ்ஐ 1947ல் இணைந்ததற்கு அண்ணன் மாதிரி. இவர்களுடைய பெரிய சண்டை கல்யாணத்தைப் பற்றியது அல்ல, குருப்பட்டத்தைப் பற்றியது. 1988 ஆகஸ்டில் விக்டோரியா நகரில் கூடிய பொதுச் சங்கம், அதாவது சபையின் உச்ச மன்றம், இயேசுவை விசுவசித்துக் கீழ்ப்படிகிற யாரும் பாலீர்ப்பு எதுவானாலும் முழு உறுப்பினராகலாம், உறுப்பினர் யாரும் குருத்துவப் பணிக்குப் பரிசீலிக்கப்படலாம் என்று தீர்மானித்தது. சபை ரெண்டுபட்டது. சில சபைகள் கூட்டாக வெளியேறின, சில போதகர்கள் அங்கியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தில்தான் மாடரேட்டராக, அதாவது சபைத் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார் சாங் சுல் லீ, டொராண்டோவில் கொரிய சபை ஒன்றை நடத்தி வந்த குடியேறியவர். ஆசியாவிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல்முறை. அடுத்த இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய்க் கோபக்காரர்களுக்கு நடுவே உட்காரும் வேலை அவர் தலையில் விழுந்தது. "இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விவகாரம்" என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

1988 தீர்மானத்தில் கல்யாணம் என்ற பேச்சே இல்லை. அப்புறம் சில சபைகள் சட்ட அங்கீகாரம் இல்லாத உடன்படிக்கை ஆராதனைகளை நடத்தின. 2003ல் நோவா ஸ்கோஷியாவின் வுல்ஃப்வில் நகரில் கூடிய பொதுச் சங்கம்தான், தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டது. நாடாளுமன்றம் சட்டம் போட்டது இரண்டு வருடம் கழித்து. 2012ல் கேரி பாட்டர்சன் என்ற தன்பாலீர்ப்புள்ள போதகரை அதே சபை மாடரேட்டராகத் தேர்ந்தெடுத்தது. ஆகவே அந்த அழைப்பிதழில் இருக்கிற கோயில் சட்டத்துக்குப் பயந்த கோயில் அல்ல. சட்டம் வேண்டும் என்று கேட்ட சபையைச் சேர்ந்தது.

ஆனாலும் "ஐக்கிய திருச்சபை நடத்துகிறது" என்று மொத்தமாகச் சொல்வது முழு உண்மை இல்லை. எங்கள் ஒழுங்குப்படி, தன் கோயிலில் எந்தக் கல்யாணத்தை அனுமதிப்பது என்பதை ஒவ்வொரு சபையின் நிர்வாகக் குழுவும் தானே முடிவு செய்கிறது. தலைமை அலுவலகம் உத்தரவு போடாது. எங்கள் சபையில் இந்த விவாதம் கோயிலின் கீழ்த்தள ஹாலில் நடந்தது. வெளியாள் கேட்டால் ஏதோ யுத்தம் நடந்திருக்கும் என்று நினைப்பார். நிஜத்தில் பாதி நேரம், உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் எவ்வளவு, ஆர்கன் வாசிப்பவருக்குத் தனியாக எவ்வளவு, காகிதப் பூ தூவினால் யார் பெருக்குவது என்பதில்தான் போனது. விவாகரத்தானவர்களுக்குப் போதகர் முன்கூட்டியே ஆலோசனை தர வேண்டுமா என்பதற்கு ஓர் அரை மணி நேரம். "இரண்டு ஆண், இரண்டு பெண்" என்ற பிரிவு வந்தபோது, யார் எப்படி ஓட்டுப் போடுவார் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. பேசியவர்கள் குறைவு. எதிர்த்துக் கை தூக்கிய ஒரு பெரியவர், அடுத்த வருடம் அப்படி ஒரு கல்யாணம் நடந்தபோது வாசலில் நின்று வந்தவர்களுக்கு ஆராதனைத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். மனம் மாறிவிட்டார் என்று கதை கட்ட நான் தயாரில்லை. அந்த மாதம் வாசல் டூட்டி அவருடையது.

ஆங்கிலிக்கன் சபையின் கதை இதைவிடச் சிக்கல், சொல்லப்போனால் கொஞ்சம் வேடிக்கையும்கூட. அவர்களுக்குத் திருமணம் பற்றிய சபைச் சட்டத்தை மாற்ற வேண்டுமானால் பிஷப்மார், குருமார், சபையார் என்று மூன்று அவைகளிலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதுவும் அடுத்தடுத்த இரண்டு பொதுச் சங்கங்களில். 2016ல் ரிச்மண்ட் ஹில்லில் முதல் ஓட்டெடுப்பு. குருமார் அவையில் ஆதரவு 51, எதிர்ப்பு 26. ஒரே ஓட்டில் தோற்றது. அழுதவர்கள் அழுதார்கள், நிம்மதியானவர்கள் படுக்கப் போனார்கள். மறுநாள் எலக்ட்ரானிக் ஓட்டுப் பட்டியலைச் சரிபார்த்தால், சபையின் பொதுச் செயலாளருடைய ஓட்டு தவறான அவையில் பதிவாகியிருந்தது. அவர் குரு, ஆனால் மெஷினில் சபையார் கணக்கில் விழுந்திருக்கிறார். அதைச் சேர்த்தால் 78ல் 52, இம்மி பிசகாமல் மூன்றில் இரண்டு. தோற்றது தேறிவிட்டது.

இரண்டாவது ஓட்டு 2019 ஜூலையில் வான்கூவரில். சபையாரில் 80.9 சதவீதம் ஆதரவு, குருமாரில் 73.2 சதவீதம். பிஷப்மாரில் 62.2 சதவீதம்தான், ஆகவே தீர்மானம் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பழமைவாதிகள், மேலே இருப்பவர்கள்தான் புதுமை புகுத்துகிறார்கள் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. இங்கே கணக்கு தலைகீழ். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இருக்கிற சபைச் சட்டம் தன்பாலினத் திருமணத்தை வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை என்று அவர்களுடைய சட்ட ஆலோசகர் 2016லேயே விளக்கம் கொடுத்திருந்தார். அதை வைத்து ஒவ்வொரு திருமண்டலமும் தன் பிஷப்பின் முடிவுப்படி போகலாம் என்ற நிலைமையைப் பொதுச் சங்கம் ஒப்புக்கொண்டது. டொராண்டோ உட்படப் பல திருமண்டலங்களில் கல்யாணம் நடக்கிறது, வடக்கே பழங்குடி மக்கள் அதிகம் உள்ள சில பகுதிகளில் நடப்பதில்லை. "ஆங்கிலிக்கன் சபை ஆதரிக்கிறதா" என்று யாராவது ஒரே வரியில் பதில் சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 2011ல் அனுமதித்தது. 1925 இணைப்பில் சேராமல் நின்ற பிரஸ்பிட்டேரியன் சபை 2021ல், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றும் வயதுவந்த இருவருக்கு இடையிலானது என்றும் இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரவர் மனசாட்சிப்படி என்றது. அங்கே கொரிய மொழிச் சபைகள் பல கடுமையாக எதிர்த்தன. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், பெந்தெகொஸ்தே, பெரும்பாலான பாப்டிஸ்டுகள், இரட்சணிய சேனை யாரும் நடத்துவதில்லை. 2023 டிசம்பரில் வாடிகன் வெளியிட்ட அறிவிப்பு பற்றியும் கேட்பார்கள். அது தன்பாலின ஜோடி கேட்டால் குரு எளிய முறையில் ஆசி வழங்கலாம் என்பது மட்டுமே. அது திருமணம் ஆகாது, திருமணம் போலத் தோன்றவும் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

வேத வசனத்துக்கு வராமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. தன்பாலின உறவுக்கு எதிராகக் காட்டப்படும் லேவியராகமம் 18, பவுல் எழுதிய ரோமர் 1, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 6 ஆகியவை அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஐக்கிய திருச்சபைக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் பைபிளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பது நியாயமான குற்றச்சாட்டு அல்ல. அவர்கள் பக்கத்தில் இரண்டு வகை வாதம் உண்டு. ஒன்று, அந்த வசனங்கள் அன்றைய உலகின் விக்கிரக வழிபாட்டையும் அடிமைகளையும் சிறுவர்களையும் சுரண்டிய உறவுகளையும் கண்டிக்கின்றன, இருவர் ஒருவருக்கொருவர் வாழ்நாள் முழுக்க உண்மையாக இருக்கும் உறவை அல்ல என்பது. இதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பவர்களிலேயே சிலர், பவுல் எல்லாவற்றையும்தான் கண்டித்தார் என்று ஒப்புக்கொள்கிறார்கள். என் சொந்தக் கருத்தும் அதுதான். பவுலை நமக்குச் சாதகமாக வளைத்து வாசிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்குக் கனமாகத் தெரிவது இரண்டாவது வாதம். விவாகரத்தானவர் மறுமணம் செய்வதைப் பற்றி இயேசுவே நேராகப் பேசியிருக்கிறார், மத்தேயு 19ல் வார்த்தை கறாராக இருக்கிறது. ஆனாலும் ஐக்கிய திருச்சபையும், 1960களில் ஆங்கிலிக்கன் சபையும் விவாகரத்தானவர்களுக்குக் கோயிலில் மறுமணம் நடத்த ஒத்துக்கொண்டன. வசனம் மாறவில்லை. அந்த மனிதர்களை வெளியே நிறுத்துவது சுவிசேஷத்துக்கு உகந்ததா என்று சபை கூடி யோசித்து முடிவெடுத்தது. விருத்தசேதனம் இல்லாதவர்களைச் சேர்ப்பதா என்று அப்போஸ்தலர் 15ல் எருசலேமில் கூடிப் பேசினார்களே, அந்த முறையைத்தான் தாங்கள் பின்பற்றுவதாக இவர்கள் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்களின் பதிலும் பலமானதே: அந்த எருசலேம் கூட்டமே புறஜாதியாருக்கு விதித்த சில நிபந்தனைகளில் வேசித்தனத்துக்கு விலகுவதும் ஒன்று, ஆதியாகமத்தின் ஆணும் பெண்ணும் என்பதை இயேசு அதே மத்தேயு 19ல் மேற்கோள் காட்டுகிறார். நான் ஆதரிப்பவர்கள் பக்கம். ஆனால் எதிர்ப்பவர்கள் எல்லாரும் வெறுப்பால்தான் பேசுகிறார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதே நேரம், விவாகரத்தான தன் மகனுக்குக் கோயிலில் இரண்டாம் கல்யாணம் நடத்திவிட்டு லேவியராகமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் ஒரு கேள்வியாவது கேட்பேன்.

"ஆதரித்த சபைகள் காலியாகிவிட்டன பார்த்தீர்களா" என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1988க்குப் பிறகு ஐக்கிய திருச்சபையிலிருந்து ஆட்கள் போனது நிச்சயம். ஆனால் அதன் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டி உச்சத்தில் இருந்தது 1960களின் நடுவில். சரிவு அங்கிருந்தே தொடங்கிவிட்டது, அதாவது இந்தத் தீர்மானத்துக்கு இருபது வருடத்துக்கும் மேல் முன்பே. ஞாயிற்றுக்கிழமைக் கடை திறப்பு, பிள்ளைகளின் ஹாக்கி, பிறப்பு விகிதம் என்று பல காரணம் சொல்கிறார்கள். இதில் 1988ன் பங்கு எவ்வளவு என்று யார் துல்லியமாகச் சொன்னாலும் அது ஊகம்தான். ஆதரித்ததால் கூட்டம் பெருகும் என்று அன்று சொன்னவர்களின் கணக்கும் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்கு இதில் ஒரு குடும்பத் தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் உடுவில் பெண்கள் பள்ளியையும், மதுரையில் அமெரிக்கன் கல்லூரியையும் நிறுவிய அமெரிக்கன் மிஷன் போர்டு, பிற்காலத்தில் அமெரிக்காவின் யுனைட்டட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் சபைக்குள் கலந்தது. அந்தச் சபை 2005லேயே திருமண சமத்துவத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தரங்கம்பாடிக்குப் பிஷப்புகளை அனுப்பிய சுவீடன் லூத்தரன் திருச்சபை 2009ல் அனுமதித்தது. பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் 2021ல், ஸ்காட்லாந்து திருச்சபை 2022ல். எங்கள் திருநெல்வேலிக்கு மிஷனரிகளை அனுப்பிய இங்கிலாந்து திருச்சபை மட்டும் 2023 முதல் ஆசி ஜெபம் வரைக்கும் வந்து, கல்யாணத்துக்கு வராமல் நிற்கிறது. தாய்ச் சபை மாறினால் பிள்ளைச் சபையும் மாறும் என்று இல்லை. சிஎஸ்ஐயில் தன்பாலினத் திருமணம் கிடையாது. இந்தியச் சட்டத்திலும் கிடையாது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது.

கல்யாணத்துக்குப் போகலாமா என்பது உங்கள் முடிவு. போனால் என்ன பார்ப்பீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். பாட்டு, வேத வாசிப்பு, சிறிய பிரசங்கம், உடன்படிக்கை, மோதிரம், ஜெபம், இரண்டு சாட்சிகளோடு பதிவேட்டில் கையெழுத்து. வேத வாசிப்பு ரூத் 1ஆக இருக்க நிறைய வாய்ப்பு, "நீர் போகும் இடத்துக்கு நானும் வருவேன்" என்ற பகுதி. ஒரு பெண் தன் மாமியாரிடம் சொன்னது அது, ஆண் பெண் கல்யாணங்களிலும் அதைத்தான் வாசிக்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. கல்யாணத்தில் பெரும்பாலும் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து இருக்காது. இருந்தால் உங்களுக்கு மனம் இல்லாவிட்டால் இருக்கையிலேயே இருக்கலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அம்மா ஆராதனைக்கு வர விரும்பாவிட்டால் சாயங்கால விருந்துக்கு மட்டும் வருவதும் இங்கே சகஜம்.

உங்கள் சபையின் வாடகை விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கட்டடம் அந்த ஐக்கிய திருச்சபைச் சபையின் பொறுப்பில் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே யாருக்குக் கல்யாணம் என்பதில் ஞாயிறு மதியம் வருகிற வாடகைக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதேபோல உங்கள் ஆராதனையில் என்ன நடக்கிறது என்பதில் அவர்கள் தலையிடுவதும் வழக்கம் இல்லை. கொஞ்சம் இருட்டான பகுதி இதற்கு அப்பால் வருகிறது, அதாவது நாளைக்கு நீங்களே ஒரு கட்டடம் வாங்கி, அதன் ஹாலைப் பிறந்தநாளுக்கும் வரவேற்புக்கும் வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டால். 2003ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கத்தோலிக்க அமைப்பான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் தன் ஹாலை ஒரு ஜோடிக்கு வரவேற்புக்காக வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் இரண்டு பெண்கள் என்று தெரிந்ததும் ரத்து செய்தது. மனித உரிமைத் தீர்ப்பாயம் 2005ல் சொன்ன முடிவு இரண்டு பக்கமும் வெட்டியது: விசுவாசத்தின் காரணமாக மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஆனால் கடைசி நேரத்தில் கைவிட்ட விதத்தில் அந்த ஜோடியின் கண்ணியத்தைக் காக்கத் தவறிவிட்டார்கள் என்று ஆளுக்கு 1000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அது இன்னொரு மாகாணத்தின் முடிவு, ஒன்டாரியோவில் ஒரு ஹால் வழக்கு எப்படிப் போகும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஹால் வாங்கும் திட்டம் இருந்தால் முதல் புக்கிங் எடுக்கும் முன்பே ஒரு வக்கீலிடம் காட்டி, யாருக்கு எதற்கு வாடகைக்குக் கொடுப்போம் என்பதை எழுத்தில் வைத்து, அதை எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டிவிடுங்கள்.